ஆயிரத்து நானூறு சுற்றும் பதினைந்து நிமிடமும்

வாஷிங் மெஷின் வாங்கப் போனால் விற்பனையாளர் முதலில் விரல் வைத்துக் காட்டுவது இரண்டு எண்களை. "இது ஆயிரத்து நானூறு ஆர்.பி.எம். மேடம், குயிக் வாஷ் பதினைந்தே நிமிஷம்." வீட்டுக்கு வந்த பிறகும் அதே கணக்குதான். வேகம் கூடினால் துணி காய்ந்தே வரும், நேரம் குறைந்தால் கரண்ட் மிச்சம். இரண்டுமே தவறு. இதை நம்பிக் கூடுதல் பணம் கொடுப்பதும், அழுக்குப் போகாத துணியை மறுபடி துவைப்பதும் தவணை கட்டி மெஷின் வாங்கும் வீடுகள்தான். அதனால் இதைச் சும்மா விட எனக்கு மனமில்லை.

வேகத்தை முதலில் பார்ப்போம். ஐந்து கிலோ பருத்தித் துணியை 1400 சுற்றில் பிழிந்தால் அதில் ஏறக்குறைய 2.6 லிட்டர் தண்ணீர் தங்கும். 1000 சுற்றில் பிழிந்தால் மூன்று லிட்டருக்குச் சற்று மேல். வித்தியாசம் அரை லிட்டர்தான், அதுவும் அத்தனை துணியிலும் பரவிக் கிடப்பது. மொட்டை மாடிக் கொடியில் சித்திரை வெயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே துணி உலர்த்தும் ஐரோப்பாவில் கதை வேறு. ஹீட்டரால் சூடாக்கி உலர்த்தும் இயந்திரத்தில் அரை லிட்டரை ஆவியாக்கக் குறைந்தது 0.3 யூனிட் வேண்டும். சுழற்றி வெளியேற்ற அதில் சிறு பங்கு போதும். அங்கே 1400-க்குக் காசு கொடுப்பது நியாயம். நமக்கு அந்தத் தேவை வருவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். அல்லது மாடியும் வெயிலும் இல்லாத அடுக்குமாடி வீட்டில். அப்படிப்பட்டவர்கள் 1200 வாங்கட்டும், தடுக்க மாட்டேன்.

சுற்று எண்ணிக்கை மட்டும் பிழியும் விசையைச் சொல்வதும் இல்லை. செமி ஆட்டோமேட்டிக்கில் நாம் 'டிரையர்' என்று சொல்கிற சின்னத் தொட்டி 1300, 1400 சுற்று சுற்றும். பெயர்தான் டிரையர், அது செய்வது பிழிவது மட்டும்தான். அதன் ஆரம் சுமார் 12 சென்டிமீட்டர்; ஃப்ரண்ட் லோடு டிரம்முக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு. ஒரே வேகத்தில் ஆரம் பாதியானால் விசையும் பாதி. கணக்குப் போட்டால் சின்னத் தொட்டியின் 1350 சுற்று புவியீர்ப்பைப் போல 245 மடங்கு. பெரிய டிரம்மின் வெறும் 1000 சுற்று அதைத் தாண்டி 265 மடங்கைத் தொடுகிறது. இரண்டு வகை மெஷின்களின் ஸ்டிக்கர் எண்ணை அருகருகே வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. தவிர, அந்த உச்ச வேகம் பிழியும் நேரம் முழுக்க இருப்பதில்லை, கடைசிச் சில நிமிடம்தான். ஒற்றை ஜமக்காளத்தைப் போட்டு ஓட்டினால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து, பல மெஷின்கள் அந்த வேகத்தைத் தொடாமலே முடித்துவிடும்.

அதிக வேகம் துணியைக் கிழிக்கும் என்ற எதிர்க்கட்சிப் பேச்சும் உண்டு. வேகம் எடுத்தபின் துணி டிரம்மோடு ஒட்டிக் கிடக்கிறது. உரசித் தேய்வது பெரும்பாலும் அலசிப் புரட்டும்போதுதான். வேகத்தால் கூடுவது சுருக்கம், அதனால் இஸ்திரி வேலை.

இனி நேரம். 1959-இல் ஜெர்மனியின் ஹெர்பர்ட் சின்னர் அழுக்கு போவதை நான்கு காரணிகளாகப் பிரித்தார்: சோப்பு, சூடு, உரசல், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டியாக வேண்டும். பதினைந்து நிமிடத்தில் மெஷின் குறைப்பது நேரத்தை; அந்தக் குறையைச் சூட்டால் ஈடுகட்டினால் கரண்ட் ஏறும், ஈடுகட்டாவிட்டால் அழுக்கு நிற்கும். கரண்டை உண்மையில் தின்பது ஹீட்டர். பன்னிரண்டு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற, நீருக்கு மட்டுமே 0.4 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 40-க்கு ஏற்ற 0.14 போதும். துணியைப் புரட்டுவதும் நிறுத்துவதுமாக ஓடும் மோட்டாருக்கு இன்னொரு மணி நேரம் கொடுத்தாலும் ஹீட்டர் அளவுக்குச் செலவு வராது. ஐரோப்பாவின் ஈகோ முறை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியும் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது இப்படித்தான். நம் ஊர்க் கோடையில் மாடித் தொட்டித் தண்ணீரே முப்பது டிகிரிக்குக் குறையாது. பவுடரிலுள்ள என்சைம்கள் அந்தச் சூட்டிலேயே வியர்வையையும் பல உணவுக் கறைகளையும் கரைக்கும். அவற்றுக்கு நேரம் கொடுத்தால் போதும்.

குயிக் வாஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை உடுத்திய இரண்டு மூன்று சட்டைகளுக்கு அது நல்ல வசதி. கையேட்டில் அதற்கு ஒன்றிரண்டு கிலோதான் அளவு போட்டிருக்கும், அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாரம் முழுக்கச் சேர்ந்த பள்ளிச் சீருடைகளை அதில் அடைத்துவிட்டு, "மெஷின் சரியில்லைப்பா" என்று காலரைக் காட்டினார். மறுவாரம் காட்டன் முறையில் ஒன்றரை மணி நேரம் ஓட்டினோம், காலர் வெளுத்தது. ஆனால் 'ஒரு நிமிடம்' என்று காட்டிக்கொண்டே மெஷின் இருபது நிமிடம் ஓடியது. பக்கெட்டில் போடும் பவுடரைப் போட்டிருந்தார். நுரை பொங்கியதால் மெஷின் தானாகவே மறுபடி மறுபடி அலசியிருக்கிறது. மெஷினுக்கான மேட்டிக் பவுடருக்கு மாறி, அளவையும் பாதியாக்கிய பிறகு, காட்டுகிற நேரத்துக்கே முடிகிறது.