அண்ணனோட கவர்மென்ட் லேப்டாப்

நம்ம ஹாஸ்டல்ல சில பேர்கிட்ட அண்ணனோ அக்காவோ கைமாத்திவிட்ட அரசு லேப்டாப் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கின திட்டம். விண்டோஸோட, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தாங்க. நம்மாளுங்க செஞ்ச முதல் வேலை, அதை அழிச்சுட்டு கிராக் விண்டோஸ் போட்டதுதான்!

கிராக் ஃபைல் எல்லாமே முதல்ல "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு"னுதான் சொல்லும். வீட்டுக்கு வர்றவன் நாயைக் கட்டிப்போடச் சொன்னா நமக்கு சந்தேகம் வராதுங்களா? போன வருஷம் ரூம்மேட் ஒருத்தன் ஆஃப் பண்ணான். ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி புராஜெக்ட் ஃபைல் ஒண்ணுகூடத் திறக்கல. பேக்கப் இருந்த பென் டிரைவும் அதே லேப்டாப்புலதான் சொருகியிருந்துச்சு.

2017 மே 12-ல் பரவின வானாக்ரைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே அப்டேட் விட்டிருந்துச்சு. "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளிப்போட்டவங்கதான் நிறையப் பேர் மாட்டினாங்க. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-ஓட நின்னுபோச்சு. பழைய மெஷினுக்கு 11 முறைப்படி ஏறாது.

என்னைக் கேட்டா, அதுல லினக்ஸ் மின்ட் போடுங்க. சி, பைத்தான், ரிப்போர்ட் டைப்பிங் எல்லாம் தாராளமா ஓடும். மெக்கானிக்கல் நண்பர்கள் முறைக்கறது தெரியுது. ஆட்டோகேடுக்கு லேப்லதான் உக்காரணும், வேற வழியில்லைங்க. இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி மட்டும் புராஜெக்டை ஒரு காப்பி எடுத்து, ஊருக்குப் போறப்ப வீட்டு பீரோவுல வச்சுட்டு வந்துடுங்க.