எதிரே பஸ் வராத வீதி

புளியங்கூடலிலிருந்து பண்ணை வரை ஒரு மோட்டார் சைக்கிள் பறந்த காணொளி அண்மையில் எனக்கு இரண்டு நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தது. தலைக்கவசத்தில் கமரா பொருத்திக்கொண்டு ஓடியிருக்கிறார் ஓர் இளைஞர். திரையின் மூலையில் நிமிடக் கணக்கு ஓடுகிறது. "எங்கட தீவின் ஐல் ஒவ் மான்" என்று தலைப்பு. ரொறொன்ரோ நண்பர் பெருமையோடு அனுப்பியிருந்தார். லண்டன் நண்பர், "எங்கள் இனம் எங்கே போகிறது பாருங்கள்" என்று தலையில் அடித்துக்கொண்டு அனுப்பியிருந்தார். இருவரோடும் எனக்கு வழக்கு உண்டு.

முதலில் அந்தத் தலைப்பு. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கிடக்கும் மான் தீவில், ரி.ரி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மோட்டார் சைக்கிள் பந்தயம் 1907 முதல் நடக்கிறது. 1911 முதல் அது மலைச் சுற்றுக்கு மாறியது. ஊர்களையும் மதில்களையும் மலைமுகட்டையும் சுற்றிவரும் பொதுவீதி அது. ஒரு சுற்று 60 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். வளைவுகள் இருநூறுக்கு மேல். அதை 2023இல் பீற்றர் ஹிக்மன் 16 நிமிடம் 36 செக்கனில் ஓடி முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 219 கிலோமீற்றர். சராசரி என்பதைக் கவனியுங்கள். ராம்சியில் கொண்டையூசி வளைவில் தவழ்ந்து ஏறிய நேரமும் அந்தக் கணக்குக்குள் அடங்கும்.

அந்தச் சுற்றின் காணொளியை யூரியூபில் பார்க்காத இளைஞன் இன்று யாழ்ப்பாணத்தில் இருப்பானா என்பது சந்தேகம். ஆனால் அந்தக் கமரா ஒன்றைக் காட்டுவதில்லை. எதிரே எதுவும் வராது என்பது அந்த ஓட்டுநருக்குத் தெரியும். அந்த அறிவே அவருடைய வேகம்.

இதைச் சற்று விளக்கவேண்டும். வளைவொன்றை வேகமாகக் கடக்க விரும்புகிறவர் வீதியின் வெளி ஓரத்தில் தொடங்குவார். உட்பக்க விளிம்பை உரசிவிட்டு மீண்டும் வெளி ஓரத்துக்கு விரிந்து வெளியேறுவார். வீதியின் முழு அகலத்தையும் தின்றால்தான் வளைவு நேராகிறது. அதைத்தான் பந்தயக்காரர்கள் 'கோடு' என்பார்கள். பொதுவீதியில் அந்தக் கோட்டின் பாதி எதிர்த்திசைக்காரருடைய பாதையில் கிடக்கிறது. மான் தீவில் அங்கே ஒன்றுமில்லை. சரவணைக்கும் வேலணைக்கும் இடையில் அங்கே ஊர்காவற்றுறை பஸ் வந்துகொண்டிருக்கும்.

அந்த வெறுமை தானாக வந்ததல்ல. பிரித்தானியச் சட்டம் பொதுவீதியை மூடிப் பந்தயம் நடத்த இடங்கொடுக்கவில்லை. மான் தீவின் சட்டமன்றம் 1904இல் அதற்கென்று தனிச்சட்டம் இயற்றியது. எந்த வீதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மூடப்படும் என்று இன்றும் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். வளைவுக்கு வளைவு கொடியோடு தொண்டர்கள் நிற்கிறார்கள். காயப்பட்டவரைத் தூக்க ஹெலிகொப்டர் காத்திருக்கிறது. புதிதாக வருகிறவர் முதலில் கட்டுப்படுத்தப்பட்ட வேகத்தில், வழிகாட்டியின் பின்னால் ஓடவேண்டும். பந்தயம் நடக்காத வேளைகளில் சாதாரண மக்கள் ஓடும்போதுகூட, அந்த இரண்டு வாரமும் மலைப்பகுதி வீதியை ஒருவழிப் பாதையாக்கி விடுகிறார்கள்.

இவ்வளவும் செய்தும் அங்கே சாவு நிற்கவில்லை. 1911 முதல் அந்தச் சுற்றில் இறந்த ஓட்டுநர்கள் 260 பேருக்கு மேல். 2022 ரி.ரி. பந்தயத்தில் மட்டும் ஆறு பேர். 1972இல் ஜில்பேர்த்தோ பார்லொற்றி இறந்த பின், அக்காலத்தின் பெரும் வீரரான அகொஸ்ரினியே இனி அங்கு ஓடமாட்டேன் என்று விலகினார். 1976க்குப் பிறகு ரி.ரி. உலகச் சம்பியன் பட்டத்துக்கான கிராண்ட் பிறீ பந்தயங்களில் ஒன்றாக இருக்கவில்லை. எனினும் அங்கே ஓடுகிறவர், தெரிந்துகொண்டு, கையெழுத்திட்டு, தன் உயிரைத்தான் பந்தயத்தில் வைக்கிறார். நம் வீதியில் ஓடுகிறவர் சங்கக்கடைக்குப் போய்வரும் கிழவியின் உயிரையும் கேட்காமலே சேர்த்து வைக்கிறார். ரொறொன்ரோ நண்பருக்கு நான் சொல்வது இதுதான். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

அந்த வீதியை அவரும் அறிவார். மண்கும்பானில் தார்மேல் மணல் படிந்து கிடக்கும். அல்லைப்பிட்டியில் கட்டாக்காலி மாடு எந்த மறைவிலிருந்தும் வரும். பண்ணைத் தாம்போதியில் மீன்பிடிப்பவர் நிற்பார். சோளகம் தொடங்கிவிட்டால் கடற்காற்று பக்கவாட்டில் அறையும். நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 28 மீற்றர் ஓடுகிறோம். மாட்டைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் அந்த 28 மீற்றர் போய்விடும். அதன் பின் நிற்க இன்னும் ஏறத்தாழ 50 மீற்றர் வேண்டும். நூற்றிநாற்பதில் அந்த ஐம்பது நூறாகிறது. மாட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

(சுற்று என்றே எடுத்துக்கொண்டாலும், யாழ்ப்பாணத்தில் புறப்பட்டு ஊர்காவற்றுறை வழியாகக் காரைநகர் போய்த் திரும்பும் நம் சுற்றின் நடுவில் கடல் இருக்கிறது. பாதை வரும்வரை துறையில் காத்திருக்க வேண்டும். நிமிடக் கணக்கை அங்கே யார் நிறுத்துவது?)

இனி லண்டன் நண்பர். "நாங்கள் இப்படியா ஓடினோம்?" என்கிறார். ஓடவில்லைதான். 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடைக்குள், காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடிய தலைமுறை நாம். அந்த இயந்திரம் பறக்காது என்பதை நம் ஒழுக்கத்தின் கணக்கில் எழுதிக்கொள்வது நேர்மையல்ல. 1990இல் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். அதன் பின் நீண்ட காலம் அந்த வீதி சோதனைச் சாவடிகளின் வீதி. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்த வீதி. இன்று இருபது வயதுக்காரனுக்கு, போருக்குப் பின் போட்ட கார்ப்பெற் வீதி, வாழ்வில் யாரும் மறிக்காமல் நீண்டு கிடந்த முதல் பொருள். அதில் அவனுக்கு வரும் ஆசையைச் சீரழிவு என்று பெயரிட என் பேனா மறுக்கிறது. வேகத்தின் மீது ஆசை எல்லா நாட்டு இளைஞருக்கும் உண்டு. அதற்கென்று இடம் கொடுத்த நாடுகளும் உண்டு, கொடுக்காத நாடுகளும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளுக்குப் பணம் அனுப்பும் மாமன்மாரையும் இங்கே விட்டுவிட முடியாது. வண்டிக்கு இலட்சக்கணக்கில் அனுப்புகிறார்கள். நல்ல தலைக்கவசத்துக்கும் கையுறைக்கும், முறையாகப் பிரேக் பிடிக்கப் பழக்குவதற்கும் அனுப்பியவர் எத்தனை பேர்? பொலிஸாருக்குத் தெரிந்தது மறித்துத் தண்டம் எழுதுவது. அது தேவை. மறுநாள் அதே பையன் அரைமணி நேரம் முந்திப் புறப்படுகிறான், அவ்வளவுதான்.

மூடிய இடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கதைவிட நான் வரவில்லை. தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, இராணுவத்தினரின் ஏற்பாட்டில் நடந்த பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளருக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தனர், அவர்களில் ஒரு சிறுமி. மூடுவது என்றால் பார்ப்பவர் நிற்கும் இடத்தையும் சேர்த்து மூடுவது. சென்னைக்காரர் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளமாகிய சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயம் ஓடினார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தளம் திறந்தார்கள். அங்கேயும் 2023 ஓகஸ்டில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் இறந்தான். அந்த வயதில் யார் அவனை ஏற்றியது என்ற கேள்வி எழுந்தது. எழவேண்டிய கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே ஓர் ஏற்பாட்டாளர் இருந்தார், ஒரு விதிப்புத்தகம் இருந்தது. நம் வீதியில் ஒருவன் விழுந்தால் யாரைக் கேட்பது? அஞ்சலிப் பதாகையில் சிரிக்கும் அவனுடைய படத்தையா?

ஆகவே என் கோரிக்கை சிறியது. 2025 மே மாதத் தேர்தலில் வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச சபைகளுக்குத் தெரிவானவர்கள் ஒரு அமர்வில் இதைப் பேசட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, விடிகாலையில் மூன்று மணி நேரம், குடிமனை இல்லாத ஒரு துண்டு நேர்வீதி. முதல் ஆறு மாதம் பந்தயமே வேண்டாம். அவசர பிரேக், வளைவில் பார்வை, விழுந்தவனை எப்படித் தூக்குவது என்பவற்றை மட்டும் பழக்கட்டும். ஓர் அம்புலன்ஸ் நிற்கவேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவரையும் விடக்கூடாது.

வீதியை மூட நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நல்லூர்த் திருவிழாவுக்கு இருபத்தைந்து நாள் சுற்றுவீதிகளை மூடுகிறோம். வாகனங்களுக்கு மாற்றுவழி அறிவிக்கிறோம். தொண்டர்களுக்குப் பட்டி கட்டி மூலைக்கு மூலை நிறுத்துகிறோம், முதலுதவிக்காரருக்குக் கொட்டில் போடுகிறோம். தேர் வரும் நேரத்தில் அவ்வீதியில் ஒரு சைக்கிள்கூடக் குறுக்கே வராது.