சேலத்துக்குச் சரி... அயோத்தியாப்பட்டணத்துக்குத் தப்பு!

கேள்வி: என் மகள் இன்ஜினீயரிங் முதல் வருடம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். எழுத்துகளைத் தள்ளிவைத்து ரகசியச் செய்தி எழுதும் புரோகிராமை ‘சி’ மொழியில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். ‘சேலம்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் சரியாக வருகிறதாம். எங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் இரண்டு இடத்தில் வெறும் கோடு விழுகிறது. மூன்று நாளாக அழுகிறாள். ‘எனக்கு இது வராதும்மா, வேற கோர்ஸ் மாத்திக்கறேன்’ என்கிறாள். எட்டாவது வரை படித்த நான் என்ன செய்ய?
- ஒரு வாசகி, அயோத்தியாப்பட்டணம்

பதில்: முதலில் ஒரு நல்ல செய்தி, சகோதரி. சேலத்துக்குச் சரியாக வருகிறது என்றால் மகள் எழுதியதில் முக்கால்வாசி சரி. அந்தக் கோடு விழும் இடமே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இது ஜூலியஸ் சீசர் பயன்படுத்திய முறை. ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக, அதிலிருந்து மூன்று தள்ளி உள்ள எழுத்தை அவர் எழுதினார் என்று ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ் சொல்கிறார். 25 விதமாகத்தான் தள்ள முடியும் என்பதால் இன்று யாரும் இதை ரகசியத்துக்கு நம்புவதில்லை. ஆனால், புரோகிராம் பழக அருமையான பயிற்சி.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலச் சின்ன எழுத்து ‘ஏ’ என்றால் 97, கடைசி எழுத்தான ‘இசட்’ 122. ‘சேலம்’ என்ற சொல்லில் எந்த எழுத்தோடு மூன்றைக் கூட்டினாலும் 122-ஐத் தாண்டாது. உங்கள் ஊர்ப் பெயரிலோ இரண்டு முறை ‘ஒய்’ வருகிறது. அதன் எண் 121. மூன்று கூட்டினால் 124. அந்த எண்ணுக்கு உரியது நட்டுக்குத்தாக நிற்கும் கோடு. கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

இசட்டுக்குப் பிறகு மறுபடி ‘ஏ’ வர வேண்டும் என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். இது உங்களுக்கே தெரிந்த கணக்கு. நட்சத்திரங்கள் 27. ரேவதியோடு முடிந்துவிடுகிறதா? அடுத்து அசுவினி வந்துவிடும். ரேவதியிலிருந்து மூன்று தள்ளினால் கார்த்திகை. அதே சுற்றுதான் இங்கே 26 எழுத்தில். ஒரே ஒரு வித்தியாசம்: பொருத்தம் பார்க்கும்போது புறப்படும் நட்சத்திரத்தையே ஒன்று என்று எண்ணுவோம். புரோகிராமில் ‘ஏ’ என்பது பூஜ்ஜியம், ‘இசட்’ என்பது 25.

மகள் இப்போது ‘122-ஐத் தாண்டினால் 26-ஐக் கழி’ என்று ஒரு வரி சேர்ப்பாள். 124-ல் 26 போனால் 98, அதாவது ‘பி’. சரியான விடை. ஆனால், தள்ளும் எண்ணை மூன்றுக்குப் பதில் பத்தாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழையபடி குப்பை வரலாம். காரணம், எழுத்தை வைக்கும் ‘கேர்’ என்ற டப்பா சிறியது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களில் அதில் 127 வரைதான் கொள்ளும். 121-உடன் பத்து சேர்ந்தால் 131. அது கொள்ளாமல் மைனஸ் 125 ஆகிவிடும். மைனஸ் எண் 122-ஐத் தாண்டவில்லையே? அதனால் கழித்தல் நடக்காது. மூன்றுக்குச் சரி, பத்துக்குத் தப்பு என்று பிள்ளைகளைக் குழப்புவது இதுதான்.

இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டு. முதலில் 97-ஐக் கழித்துவிட வேண்டும். ‘ஒய்’ 24 ஆகும். பத்தைக் கூட்டினால் 34. அதை 26-ஆல் வகுத்தால் மீதி 8. திரும்ப 97-ஐக் கூட்டினால் 105, அதாவது ‘ஐ’. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக இருக்கும்.

செய்தியைத் திரும்பப் படிக்கும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. ‘பி’ என்பது 1. மூன்றைக் கழித்தால் மைனஸ் 2. இதை 26-ஆல் வகுத்து மீதி கேட்டால் ‘சி’ மொழி மைனஸ் 2 என்றே சொல்லும். அடிக்கோடு ஒன்று வந்து நிற்கும். பைத்தான் மொழியில் இதே கேள்விக்கு 24 என்று விடை வரும். பிளஸ் டூவில் பைத்தான் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மீதி கேட்பதற்கு முன் 26-ஐக் கூட்டிவிட்டால் போதும்.

இனி உங்கள் வேலை. தேதி கிழித்த காலண்டர் தாளையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘பாப்பா, ஒய்ங்கிற எழுத்தை மட்டும் உன் புரோகிராம் என்னென்ன பண்ணுதுன்னு வரிவரியாச் சொல்லு, நான் எழுதிக்கறேன்’ என்று உட்காருங்கள். ஒவ்வொரு வரிக்கும் என்ன எண் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். புரியாத இடத்தில் ‘அது எப்படிடா கண்ணு வந்துச்சு?’ என்று கேளுங்கள். உங்களுக்கு விளக்கும்போது பெரும்பாலும் அவளே பிடித்துவிடுவாள். பிறகு புரோகிராமிலும் அந்தந்த இடத்தில் எண்ணை அச்சிடச் சொல்லி ஒப்பிடட்டும். அனுபவசாலிகளும் இப்படித்தான் தவறு தேடுகிறார்கள்.

சரிசெய்த பிறகு நான்கு சோதனை: இசட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், பூஜ்ஜியம் தள்ளினால் அதே எழுத்து வர வேண்டும், 26 தள்ளினாலும் அதே எழுத்துதான், மாற்றிய செய்தியைத் திருப்பினால் பழைய சொல் கிடைக்க வேண்டும்.

தோழியின் புரோகிராமைப் பார்த்து எழுதினால் இன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால், லேப் தேர்வில் மூன்றைப் பத்தாக மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடும். தமிழ் மீடியம் இதற்குத் தடையே இல்லை. மேலே உள்ள கணக்கு முழுவதும் கூட்டலும் கழித்தலும் வகுத்தலும்தான். கோர்ஸ் மாற்றுவது பற்றி இந்தப் புரோகிராமை முடித்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். ஊர்ப் பெயர் சரியாக வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதையும் மூன்று எழுத்து தள்ளியே எழுதச் சொல்லுங்கள்!