பட்டம் இவர் கையில். பாஸ்போர்ட் எவர் பையில்?

ஆலை வாயிலிலே நம்மைக் கண்ட தோழர் ஒருவர், மகள் பி.எட். முடித்துவிட்டாள், வெளிநாட்டுப் பள்ளியொன்றிலே வேலைக்கு ஏற்பாடாகிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். தரகரிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்றோம். சிரித்தார். "ஏமாறுவதற்கு அவள் என்ன கொத்து வேலைக்கா போகிறாள்? படித்தவள் ஐயா, படித்தவள்!" என்றார்.

படிப்பு கவசம் என்று நம்புகிற நெஞ்சம் அது. அந்த நம்பிக்கையைக் குலைப்பதிலே நமக்கு இன்பமில்லை. ஆயினும் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலே நடந்ததை அவருக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

பிலிப்பைன் தீவுகளிலிருந்து 2007 முதல் ஏறத்தாழ 350 ஆசிரியர்கள் லூசியானாப் பள்ளிகளுக்குச் சென்றார்கள். எளிதாகவா சென்றார்கள்? பட்டம் வேண்டும். அந்தப் பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்கு ஈடானதே என்று மதிப்பிட்டுச் சொல்லும் தாள் வேண்டும். மாநிலம் தரும் ஆசிரியர் சான்றிதழ் வேண்டும். பள்ளி நிர்வாகம் தொழிலாளர் துறையிடம், உள்நாட்டாருக்குக் குறையாத ஊதியம் தருவோம் என்று உறுதி எழுதித் தரவேண்டும். பிறகு குடியேற்றத் துறைக்கு மனு, பிறகு தூதரகம், கைரேகை, நேர்காணல். இத்தனை வாயில்களையும் கடந்த பிறகே எச்-1பி என்னும் விசா.

இதையெல்லாம் நாம் குறை கூறவில்லை. ஏழைப் பிள்ளைகளின் வகுப்பிலே நிற்பவர் தகுதி உடையவராக இருக்கட்டும். தேடிப் பார்த்தே எடுக்கட்டும். நாம் கேட்பது வேறு. ஆசிரியரை இத்தனை பேர் துருவித் துருவிச் சோதித்தார்களே, அந்த ஆசிரியரைப் பிடித்துக் கொடுத்த தரகு நிறுவனத்தைச் சோதித்தவர் எவர்?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நிறுவனம் அது. ஆளுக்குச் சுமார் 16,000 டாலர் வாங்கியது. முதலில் 5,000 டாலர், கொடுத்தால் திரும்பாது. அதைக் கொடுத்தபின் பின்வாங்க வழியில்லை. மீதியையும் கட்டியாக வேண்டும். கையிலே பணம் ஏது? கடன் தருவோரையும் நிறுவனமே காட்டிற்று. மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை வட்டி! அதுவும் போதவில்லை. இரண்டாம் ஆண்டுச் சம்பளத்திலே மாதந்தோறும் பத்தில் ஒரு பங்கு தரவேண்டும் என்று ஒப்பந்தம். மறுத்தவர்களுக்கு, ஊருக்குத் திருப்பி அனுப்புவோம் என்ற மிரட்டல். பணம் தீரும்வரை பாஸ்போர்ட் நிறுவனத்தின் பெட்டியிலே!

கணக்கு வாத்தியாரும் இருந்தார் அந்தக் கூட்டத்திலே. நூற்றுக்கு ஐந்து என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? தெரியும். கடன்பட்டுக் கட்டிய முதல் பணம் போய்விடுமே என்ற அச்சம், தெரிந்த கணக்கையும் மறைத்துவிடும்.

வரலாற்றிலே ஒரு வேடிக்கை உண்டு. 1901ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'தாமஸ்' என்னும் கப்பலிலே சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்திறங்கினார்கள். பிலிப்பைன் மக்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவர்கள். அவர்களை எந்த நாட்டு விசா அதிகாரி நிறுத்திக் கேட்டார்? முன்னே படை போயிற்று; பின்னே பாடப் புத்தகம் போயிற்று. அவர்கள் கற்பித்த ஆங்கிலத்தைக் கற்றவர்களின் பேரப்பிள்ளைகள், நூறாண்டு கழித்து, அதே ஆங்கிலத்திலே அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல, வட்டிக்கு வாங்கி வாயில் காத்து நின்றார்கள்.

லூசியானா ஆசிரியர்கள் வாய் மூடி இருந்துவிடவில்லை. சங்கம் துணை நின்றது. அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பும், தெற்கு வறுமைச் சட்ட மையமும் தோள் கொடுத்தன. 2010இல் மாநிலத் தொழிலாளர் துறை விசாரணையிலே, அந்த நிறுவனம் உரிமமே இல்லாமல் தொழில் நடத்தியது வெளிப்பட்டது. சுமார் 18 இலட்சம் டாலரைத் திருப்பித் தர ஆணை பிறந்தது. 2012 டிசம்பரில் நடுவர் குழு 45 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. வெற்றிதான். ஆனால் வழக்கிலே சேர்க்கப்பட்டிருந்த பள்ளி வாரியம் பொறுப்பில்லை என்று விடுபட்டது. ஆள் வந்தால் போதும், எப்படி வந்தார் என்று கேளாதே என்று இருந்துவிடலாம் போலும்!

நம் முன்னோருக்கு இந்தக் கதை புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இந்தத் தொழிலாளியின் பேரில் இவ்வளவு கடன். அதைத் தீர்ப்பவர் ஆளை அழைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதித் தரும் சீட்டு. கங்காணி ஏற்றி வைத்த கடன் தீரும்வரை தோட்டம் மாற முடியாது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. எச்-1பி துண்டு அல்ல, ஒப்புகிறோம். ஆனால் அந்த விசா மனு போட்ட முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. பள்ளி மாற வேண்டுமா? மாறப் போகும் பள்ளி புதிதாக மனுப் போடவேண்டும். அந்தக் கட்டோடு தரகரின் கடனும் சேர்ந்தால், கழுத்துக்கு இரண்டு கயிறு.

இதைவிட நம்மை உலுக்கியது மேரிலாண்டு மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜ் மாவட்டத்திலே நடந்தது. வாஷிங்டன் நகரத்துக்கு அடுத்த வீடு அது. விசா மனுச் செலவை வேலை தருபவரே ஏற்க வேண்டும் என்பது சட்டம். மாவட்டப் பள்ளி நிர்வாகம் அதை வெளிநாட்டு ஆசிரியர்கள் தலையிலே கட்டியது. அவர்களிலே பெரும்பாலோர் பிலிப்பைன் நாட்டவர். 2011இல் தொழிலாளர் துறை கண்டுபிடித்தது. 1,044 ஆசிரியர்களுக்குச் சுமார் 42 இலட்சம் டாலர் திருப்பித் தரவேண்டும் என்றது. நல்லது! முதலில் 17 இலட்சம் டாலருக்கு மேல் விதித்த அபராதம் சமரசத்திலே ஒரு இலட்சமாகச் சுருங்கிற்று. போகட்டும். அத்தோடு இன்னொரு தண்டனை: இரண்டு ஆண்டுகளுக்கு அந்த நிர்வாகம் வெளிநாட்டவருக்கு விசா மனுப் போடக் கூடாது!

தண்டனை யாருக்கு? தவணை முடிந்த ஆசிரியர்களின் விசாவை நிர்வாகம் புதுப்பிக்க முடியவில்லை. தவறு செய்த நிர்வாகி நாற்காலியிலே இருந்தார். தவறுக்கு ஆளான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். வீட்டுக்காரனைத் திருடன் அடித்தான்; நீதி வந்து வீட்டைப் பூட்டிற்று! முறையிட்டால் இதுதான் முடிவென்றால், அடுத்த ஊரிலே எந்த ஆசிரியர் வாய் திறப்பார்? நிர்வாகத்தைத் தண்டியுங்கள், ஏமாற்றப்பட்டவர் வேறு பள்ளி தேடிச் சேரும்வரை அவர் விசாவை அவர் பெயரிலேயே நிலைக்க விடுங்கள். இது சலுகையல்ல, சாட்சியைக் காக்கும் வழி.

2025 செப்டம்பரிலே அமெரிக்க அதிபர் டிரம்ப், வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான புதிய எச்-1பி மனு ஒன்றுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் என்று பிரகடனம் செய்தார். எந்தக் கிராமப் பள்ளி கட்டும்? ஜே-1 என்ற இன்னொரு கதவு உண்டு. பட்டமும் இரண்டாண்டு ஆசிரியர் பணியும் கேட்கிறது; மூன்றாண்டுகள், நீட்டித்தால் ஐந்து. அதற்குப் பெயர் பண்பாட்டுப் பரிமாற்றம். வேலை என்னவோ முழு வேலைதான். ஆனால் அங்கே திட்டக் கட்டணத்தை ஆசிரியரிடம் வாங்கத் தடையில்லை. வேலைக்குப் போகிறவரிடம் தரகர் கட்டணம் வாங்கக் கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1997இல், தன் 181ஆம் உடன்படிக்கையின் ஏழாம் பிரிவிலே சொல்லிவைத்தது. ஏட்டிலே இருக்கிறது.

நம் நாட்டிலே? 1983இல் வந்த குடிபெயர்வுச் சட்டம், ஆள் அனுப்பும் தரகர் அரசிடம் பதிவு பெறவேண்டும் என்று விதித்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அதிகாரியின் அனுமதி வேண்டும், ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். பட்டதாரிக்கு அந்த அனுமதி தேவையில்லை. எனவே அந்த வாசலிலே அவரை நிறுத்தி, தாளைக் காட்டு என்று கேட்பாரும் இல்லை. கொத்து வேலைக்குப் போகிறவருக்கு இருக்கிற ஒரு சோதனைகூட, ஆலைத் தோழரின் மகளுக்கு இல்லை.

தோழர் எல்லாவற்றையும் கேட்டார். சிரிப்பு போயிருந்தது. அந்தத் தரகருக்குப் பதிவு எண் உண்டா என்றோம். கேட்கவில்லை என்றார். கொடுத்த முன்பணத்துக்கு இரசீது? இல்லை. மகளின் பட்டச் சான்றிதழ் எங்கே என்றோம்.

"அவர்தான் அத்தாட்சி முத்திரை வாங்க வேண்டும் என்று மூலப் பிரதியையே..." என்று இழுத்தார்.

"பாஸ்போர்ட்?"

"அதுவும் அங்கேதான்."

அன்று மாலையே தோழர்கள் இருவரை அவரோடு தரகர் அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தோம்.