பூனையின் அச்சமும் நம் பொறுப்பும்

"மனுசனுக்கே மருந்து கிடைக்காத தோட்டத்தில பூனைக்கு டாக்டரா, மாஸ்டர்?"

சென்ற மாசி மாதத்துக் காலைப்பொழுது ஒன்றில், துணியால் மூடிய கொழுந்துக் கூடையொன்றைக் கையில் ஏந்தி ஹற்றன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். முன்னொரு காலத்தில் என்னிடம் படித்து, பின்னர் கொழுந்து பறிக்கச் சென்றுவிட்ட பெண்மணி ஒருவர் அங்கே என்னைக் கண்டு கேட்ட கேள்வி இது. அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. பிரசவ வேதனையில் துடித்த பெண்களைக் கொழுந்து லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற கதைகள் இல்லாத தோட்டம் மலைநாட்டில் உண்டா? அவருடைய தாயாரும் அவ்வாறு சென்றவரே. ஆதலால் அந்தக் கேள்விக்கு அன்று நான் மறுமொழி கூறவில்லை. கூடைக்குள்ளிருந்து எழுந்த முனகலைக் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். அன்று கூறாத மறுமொழியைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

கூடைக்குள் இருந்தவள் பொன்னி. வயது பதினான்கு. தேயிலைச் செடிகளின் இடையே தாயை இழந்து கத்திக்கொண்டிருந்த குட்டியைக் கொழுந்துக் கூடையிலேயே இட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். என் மனைவி இருந்தவரை அவள் மடிதான் பொன்னியின் இருப்பிடம். மனைவி மறைந்த பின்னர் அடுப்படி. "அடுப்பில் பூனை உறங்குகிறது" என்று நம்மவர் கூறுவது வறுமையைக் குறிக்கும். எங்கள் வீட்டில் அடுப்பும் எரிந்தது, பூனையும் அதன் ஓரத்தில் உறங்கியது. நுவரெலியாப் பக்கத்தில் தை மாதத்து விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெண்மையாகப் படிந்திருப்பதைக் கண்டவர்கள், முதிய பிராணி நெருப்பை நாடுவதைக் குறைகூற மாட்டார்கள்.

நோயின் அறிகுறி தண்ணீரில் தெரிந்தது. பாற்கடலை நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்த ஒரு பூனையைக் கம்பர் தம் காவியத்தின் அவையடக்கத்தில் காட்டுகிறார். பொன்னி எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள பீலித் தண்ணீர் முழுவதையும் குடித்துத் தீர்த்துவிட நினைத்தவள்போல் குடித்தாள். உடல் மெலிந்தது. நாவால் தடவித் தடவி ஒளிரச் செய்த உரோமம் திரிதிரியாகப் பிரிந்தது. கருவாட்டுச் சோற்றை மணந்து பார்த்துவிட்டு அப்பாற் சென்றாள். வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று எண்ணி இரண்டு மாதம் வீணாக்கினேன். இது என் தவறு. முதிய பூனைகளை மிகுதியாகப் பற்றும் நோய்களில் ஒன்று சிறுநீரகத் தளர்ச்சி. அது மெல்ல மெல்ல வளர்வது. சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செயலிழக்கும் வரை புறத்தே எதுவும் தோன்றாதிருப்பதும் உண்டு. பூனை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. வேட்டையாடும் பிராணியாயினும் உருவத்தாற் சிறியது. தானும் வேட்டையாடப்படலாம் என்பதால், வலியை வெளிக்காட்டாதிருப்பதே அதற்குப் பாதுகாப்பு. ஆகவே அது நீர் மிகுதியாக அருந்துவதும், எடை குறைவதும் நம்மிடம் அது கூறும் சொற்களாகும். வயதின்மேல் பழி சுமத்தி அவற்றைக் கேளாதிருப்பது தகாது.

முதன்முறை அவளைக் கொண்டுசென்ற இடத்தின் பெயரை இங்கே கூறப்போவதில்லை. சிறிய அறை. குரைக்கும் நாய்கள் நான்கைந்து. ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. பின்னர்ப் பிடரியைப் பற்றித் தூக்கிக் குளிர்ந்த உலோக மேசைமேல் வைத்தார்கள். அடுத்த கணத்தில் என் கட்டைவிரலில் அவளுடைய நான்கு பற்களும் பதிந்திருந்தன. பதினான்கு ஆண்டுகளில் அவள் என்னைக் கடித்தது அன்றொரு நாளே. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, நானும் அரச வைத்தியசாலைக்குச் செல்லவேண்டியவனானேன். நீர்வெறுப்பு நோய் உள்ள நாட்டில் பூனைக்கடியை அற்பமாக எண்ண முடியாது. வீடு திரும்பியபின் பொன்னி கட்டிலின் கீழே புகுந்து இரண்டு நாள் வெளியே வரவில்லை, உண்ணவுமில்லை. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் ஈரலில் கொழுப்புப் படிந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். நோயைத் தீர்க்கக் கொண்டுசென்ற பயணமே இன்னொரு நோயாகத் திரும்பி வந்தது.

இந்த அச்சத்தைப் பிடிவாதம் என்றும், விலங்கின் அறியாமை என்றும் கூறுவோர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரேப் படங்களை நோக்கியபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வின் அடையாளங்கள் காணப்பட்டன. அத்தகைய உடலைக் குளிர்ந்த மேசைமேல் நீட்டிப் பிடித்தால் நோகாதா? பூனைக்குத் தன் எல்லைதான் உலகம். மூலைகளிற் கன்னத்தை உராய்ந்து தன் மணத்தைப் பதித்து, அம்மணத்தின் நடுவே அது வாழ்கிறது. திடீரென அதனைப் பெயர்த்தெடுத்து, நாய்களின் மணமும் மருந்தின் நெடியும் நிறைந்த இடத்தில் வைப்பது, அதன் அளவில் நாடு கடத்தலே.

நாடு கடத்தல் என்ற சொல்லை நான் எளிதாக எழுதிவிடவில்லை. என் பாட்டியார் சிறுமியாக இந்தியாவிலிருந்து இங்கே வந்தபோது மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டவர். கொள்ளைநோயும் வாந்திபேதியும் தீவுக்குள் புகாதிருக்க, தோட்டங்களுக்கு வந்த மக்களை அங்கே தடுத்துவைத்துப் பரிசோதித்தார்கள், ஊசி குத்தினார்கள். நோயைத் தடுப்பதற்கு அது தேவையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஏன், எதற்கு என்று அந்தச் சிறுமிக்கு ஒருவரும் எடுத்துக் கூறவில்லை. எண்பது வயதிலும் வெள்ளை அங்கி அணிந்த எவரைக் கண்டாலும் பாட்டியாரின் கைகள் நடுங்கும். தோட்டத்துக்கு அம்மை குத்துபவர் வரும் நாளில் எங்களைக் கட்டிலின் கீழே தள்ளிப் பாயால் மறைத்துவிடுவார். பொன்னி கட்டிலின் கீழே பதுங்கிய அன்று அந்தப் பாயின் மணம் எனக்கு நினைவு வந்தது. அச்சப்படுபவரை அறிவிலி என்று இகழ்ந்ததனால் நம் முன்னோரிற் பலர் மருந்தை விட்டே விலகி நின்றார்கள். அதே பிழையை நாம் ஏன் ஒரு பூனையிடம் செய்ய வேண்டும்?

நியூயோர்க் நகரில் லூயிஸ் கமூட்டி என்ற மிருக வைத்தியர் இருந்தார். பூனைகளுக்கு மட்டுமே வைத்தியம் பார்த்தவர். பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சென்று பல்லாண்டு பணியாற்றினார். 1980இல் வெளியான தம் நினைவுநூலுக்கு, என் நோயாளிகள் எல்லாரும் கட்டிலின் கீழே இருக்கிறார்கள் என்னும் பொருள்படப் பெயரிட்டார். நகைச்சுவையான தலைப்புத்தான். ஆனால் நோயாளி எங்கே இருக்கிறாரோ அங்கே வைத்தியர் செல்ல வேண்டும் என்ற பெரிய கொள்கை அதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்கப் பூனை வைத்தியர் சங்கமும் அனைத்துலகப் பூனை மருத்துவச் சங்கமும் 2011இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பூனையை எவ்வாறு தொடுவது, எவ்வாறு பிடிப்பது என்பதையே பொருளாகக் கொண்டவை. அச்சத்தினால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இரத்தத்தின் சர்க்கரையும் உயர்ந்து, பரிசோதனையின் முடிவையே பிழையாக்கிவிடுவதுண்டு. அஞ்சிய பூனையைப் பரிசோதிப்பது கலங்கிய நீரில் முகம் பார்ப்பது போன்றது.

பிடரியைப் பற்றித் தூக்குவதற்கு நம்மவர் கூறும் நியாயம் ஒன்று உண்டு. தாய்ப்பூனை குட்டியை அவ்வாறுதானே கவ்விச் செல்கிறது? வைணவப் பெரியோர் இதனை மார்ச்சார நியாயம் என்று போற்றினர். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டிக்கோ அந்த முயற்சியும் வேண்டா, தாயே தாங்கிக்கொள்வாள். தத்துவம் அழகானது. எனினும் தாய் கவ்வுவது சில வாரக் குட்டியை என்பதை மறக்கலாகாது. வளர்ந்த பூனையின் பிடரியைப் பற்றினால் அது அசையாதிருப்பது அடைக்கலம் புகுந்ததனால் அன்று, செயலற்றுப் போனதனால். முதிய பூனையைத் தாங்க வேண்டுமாயின் மார்பின் கீழ் ஒரு கையும் பின்னங்கால்களின் கீழ் ஒரு கையும் வேண்டும்.

அடுத்த முறை செல்வதற்கு முன் மூன்று வாரம் முயன்றேன். அவள் குட்டியாக வந்த வகைக் கூடையொன்றையே அடுப்படியில் வைத்து, என் மனைவியின் பழைய கம்பளித் துண்டை அதில் விரித்தேன். முதல் நாள் அருகே வரவில்லை. நான்காம் நாள் அதன் விளிம்பில் வைத்த மீன் துண்டைத் தின்றாள். இரண்டாம் வாரம் உள்ளே உறங்கினாள். பயண நாளில் அவள் உறங்கிக்கொண்டிருந்த கூடையைத் துணியால் மூடித் தூக்கினேன், அவ்வளவே. புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னர், வைத்தியர் அவள் எடைக்கு அளந்து தந்த கபாபென்டின் மருந்தைக் கொடுத்திருந்தேன். அச்சத்தைத் தணிக்க இக்காலத்தில் பல வைத்தியர்கள் இதனைப் பரிந்துரைக்கிறார்கள். வைத்தியரைக் கேளாமல் அளவைத் தாமே முடிவுசெய்வது ஆகாது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்கு இரண்டரை மணி நேரம். வளைவுகளைச் சொல்லவேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தைச் சார்ந்த போதனா வைத்தியசாலை அங்கே இருப்பது மலைநாட்டாரின் நற்பேறு. கூடையின் மூடியை மட்டும் அகற்றி, அவள் கம்பளிமேற் படுத்திருக்கும்போதே பரிசோதிக்குமாறு கேட்டேன். இசைந்தார்கள். அவள் முனகினாள், கடிக்கவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். தோட்டங்களில் தலைவலிக்கும் பனடோல், காய்ச்சலுக்கும் பனடோல், மனச்சோர்வுக்கும் பனடோல். வைத்தியரிடம் செல்ல அஞ்சும் பூனைக்கு வீட்டிலேயே அரை மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நஞ்சு. அந்த மருந்தை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்க இயலாது போய், ஈறுகள் நிறம் மாறி, ஒரு மாத்திரையாலேயே உயிர் போகக்கூடும். நுவரெலியாத் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் லில்லி மலர்களும் அவ்வாறே. அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெடும். கைவைத்தியத்தை நான் இகழவில்லை. கைக்கு எட்டியதெல்லாம் வைத்தியமாகிவிடாது என்பதே என் கருத்து.

இனி அந்தப் பெண்மணியின் கேள்விக்கு வருகிறேன். மனிதனுக்கு மருந்து கிடைக்காதது பூனைக்கு மருந்து கொடுத்ததனால் நேர்ந்ததன்று. லொறியில் ஏற்றப்பட்ட தாய்மாருக்குரிய மருந்தை எந்தப் பூனையும் தின்றுவிடவில்லை. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம், மனிதருக்கும் விலங்குகளுக்கும் ஆகிய இருவகை வைத்தியத்தையும் ஒருங்கே கூறுகிறது. சோழர், பாண்டியர் நாடுகளும் இத்தீவாகிய தாம்பிரபரணியும் அச்சாசனத்தில் பெயர் கூறப்பட்டிருக்கின்றன. ஒன்று முடிந்த பின் மற்றொன்று என்று அது கூறவில்லை. கருணையைப் பங்கீட்டுக் கடை அரிசிபோல் அளந்து கொடுக்கப் பழகியவர்கள் நாம். அளந்தவர்கள் பிறர், பழகிக்கொண்டவர்கள் நாம். அந்தப் பழக்கத்தின் சுமையைத்தான் அவருடைய கேள்வியில் நான் கேட்டேன். ஒரு நாட் சம்பளம் முழுவதும் ஓட்டோக் கூலிக்கே போய்விடும் ஒருவரிடம், உன் பூனையைப் பேராதனைக்குக் கொண்டு போ என்று ஓய்வூதியம் பெறும் நான் உபதேசிப்பதில் நியாயமில்லை என்பதையும் அறிவேன்.

ஆகவே கேட்கவேண்டியதை அரசிடம் கேட்கிறேன். மலைநாட்டில் அரச மிருக வைத்தியர்கள் இருக்கிறார்கள். தோட்டத்து மக்கள் வளர்க்கும் பசுக்களுக்காக அவர்கள் மலையேறி வருகிறார்கள். பால் தரும் பசு இடம்பெயராமல், வைத்தியர் தொழுவத்துக்கு வரும் நல்ல வழக்கம் இங்கே முன்னமே உண்டு. இடம்பெயர்வதை எந்தப் பிராணியாலும் பொறுக்க முடியாதெனில் அது பூனைதான். அதுவோ மூடிய கூடையில் வளைவு வளைவாகப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. பசுவைப் பார்க்க வரும் வைத்தியர் அதே லயத்தில் அரை மணி நேரம் தங்கி, முதிய பூனையொன்றையும் பார்த்துச் செல்ல ஏற்பாடு செய்வது இயலாத காரியமா? வாரத்தில் ஒரு பிற்பகலை, நாய்கள் இல்லாத வேளையாக, பூனைகளுக்கென ஒதுக்கலாகாதா? இவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை.

இறுதி நாள் பற்றியும் நினைக்கிறேன். சிறுநீரகத் தளர்ச்சி குணமாவதில்லை, தாமதப்படுத்தலாம். வலியின்றி உயிரை நீக்கும் ஊசி உண்டென்று வைத்தியர் மெல்லக் கூறினார். பாவம் என்பர் எங்கள் லயத்தார். நானும் முடிவு செய்யவில்லை. அந்த ஊசிக்காக அவளை மறுபடியும் பஸ்ஸில் ஏற்றிச் செல்லப் போவதில்லை என்பது மட்டும் உறுதி.

இப்போதைக்கு, இரண்டு நாளுக்கு ஒருமுறை தோலின் கீழே சேலைன் ஏற்றக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பேராதனையில் பொறுமையாகக் கற்பித்தார்கள். இஸ்தோப்பில் வெயில் விழும் இடத்தில் கூடையை வைப்பேன். முதுமையால் என் கை நடுங்குவதால், போத்தலை உயர்த்திப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். வேலை முடிந்து கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில், பஸ் நிலையத்தில் கேள்வி கேட்ட அதே பெண்மணிதான் வந்து பிடிக்கிறார். பொன்னி அவரை இன்னும் முழுமையாக நம்பவில்லை. காதுகளை மடித்துக்கொண்டு, அவர் கையையே பார்த்தபடி, கூடைக்குள் படுத்திருக்கிறாள்.