கிணற்றடியில் பிறந்த சொல்

மூச்சு விடுவதைப்போல் நாம் எளிதாகப் பேசுகின்றோம். அதனாலேயே பேச்சின்கண் வியத்தற்குரியது யாதும் இல்லை என எண்ணிவிடுகின்றோம். சொல் என்பது இன்னதென்று தாம் உணர்ந்த நாள் நம்மில் எவர்க்கேனும் நினைவில் உண்டோ? அந்நாளை நினைவிற்கொண்டு எழுதிவைத்தவர் ஒருவர் உளர். அவரே எலன் கெல்லர் அம்மையார்.

அமெரிக்க நாட்டில், அலபாமா மாநிலத்து டஸ்கம்பியா என்னும் ஊரில் 1880ஆம் ஆண்டு பிறந்த அவர், பத்தொன்பது திங்கட் குழந்தையாய் இருந்தபோது கடுநோயுற்றுப் பார்வையையும் கேள்வியையும் ஒருங்கே இழந்தார். ஆயினும் அவர் கருத்தை உணர்த்த வகையறியாதவர் அல்லர். ரொட்டி வேண்டுமெனில் அதனைத் துண்டாக்கி வெண்ணெய் தடவுவதுபோல் கைகளை அசைப்பார். பனிக்குழைவு வேண்டுமெனில் அதனைச் செய்யும் பொறியைச் சுழற்றுவதுபோல் காட்டி, குளிரால் நடுங்குவார். பொருளைப் போலவே அமைந்த குறிகள் இவை.

1887ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆன் சலிவன் என்னும் இளம் ஆசிரியை அவ்வீட்டிற்கு வந்தார். அவர் ஒரு பொம்மையைச் சிறுமிக்கு அளித்து, அதன் பெயரை எழுத்தெழுத்தாக விரல்களால் அமைத்து உள்ளங்கையில் உணர்த்தினார். சிறுமியும் அவ்விரலசைவுகளைப் பிழையின்றித் திருப்பிச் செய்தார். ஊசி, தொப்பி, குவளை ஆகியவற்றின் பெயர்களையும் அவ்வாறே பயின்றார். ஆனால் அவை சொற்கள் என்பதை அவர் அறியார். தாம் செய்தது வெறும் போலச்செய்தலே எனப் பின்னாளில் அவரே எழுதினார். பொருளறியாது மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் மாணவன் நிலையும் இதுவே அன்றோ?

ஏப்பிரல் 5ஆம் நாள் குவளையையும் அதிலுள்ள நீரையும் வேறுபிரித்தறியாமல் சிறுமி மயங்கினார். ஆசிரியை அவரை நீரிறைக்கும் குழாயடிக்கு அழைத்துச் சென்றார். ஒரு கையில் தண்ணீர் பாய்ந்தது. மறு கையில் தண்ணீரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஐந்தெழுத்துகளும் முதலில் மெல்லவும் பின்னர் விரைவாகவும் அமைந்தன. சிறுமி அசையாது நின்றார். பாய்கின்ற அக்குளிர்பொருளே அவ்வெழுத்துகளின் பொருள் என்பது அவர்க்கு விளங்கிற்று. உடனே தரையைத் தொட்டு அதன் பெயரைக் கேட்டார். சில மணி நேரத்தில் முப்பது புதுச்சொற்களைக் கற்றாரென ஆசிரியையின் கடிதம் கூறுகின்றது.

அக்குழாயடியில் நிகழ்ந்தது யாது? மொழியை ஆராய்வோருள் குறியியலார் என்பார் ஒரு விடை தருவர். ஜெனீவாப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் சொசூர் 1913இல் மறைந்தார். அவர் நிகழ்த்திய விரிவுரைகள் 1916இல் நூலாயின. சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பில்லை என்பது அவர் கொள்கை. நீர் என நாம் கூறுவதை ஆங்கிலர் வாட்டர் என்பர்; செருமானியர் வாசர் என்பர்; பிரெஞ்சுக்காரர் ஓ என்பர். (மொழிக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் வெளிப்படத் தோன்றாது என்பது தொல்காப்பியர் கருத்து, காரணமே இல்லையென அவர் கூறவில்லை.) ஒவ்வொரு குறியும் பிற குறிகளின் வேறாய் நிற்பதாலேயே பயன்படும் என்றும் சொசூர் விளக்கினார். குவளை வேறு, நீர் வேறு என்னும் அறிவின்றிச் சிறுமி இடர்ப்பட்டதை நோக்கின் இக்கூற்றின் உண்மை புலனாகும்.

ஆயினும் குறியியல் ஒன்றே போதும் என்பாரோடு நான் உடன்படேன். அந்நாளுக்கு முன்னரும் எழுத்துகள் குறைவின்றி இருந்தன. அவற்றின் வரிசையும் பிறழவில்லை. இல்லாதது வேறொன்று. அனுபவம் நமக்குத் தோன்றும் வண்ணமே அதனை ஆராயும் நிகழ்வியலார் அதனைச் சுட்டுவர். புகை நெருப்பைக் காட்டுகின்றது. ஆனால் புகை எதனையும் சொல்ல எண்ணுவதில்லை. மனிதன் சொல்ல எண்ணிச் சொல்கின்றான். இவ்வேறுபாட்டை ஊசெர்ல் என்னும் அறிஞர் 1900, 1901ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூலில் வகுத்துரைத்தார். அதுகாறும் சிறுமியின் விரல்கள் புகையினும் மேலானதொன்றையும் சொல்லவில்லை.

அனுபவமே போதும் எனலும் பொருந்தாது. ஆறாண்டுகட்கு மேலாக நீரைக் குடித்தும் நீரில் குளித்தும் வந்தவர்க்கு அந்நீர் சொல்லாகவில்லையே! குறியும் அனுபவமும் ஒரு கணத்தில் ஒருங்கு சேர வேண்டும். அவ்வாறு சேர்த்துவைக்க, இதனையே நான் உனக்குச் சொல்கின்றேன் என நிற்கும் மற்றொருவரும் வேண்டும். இரு நெறியாரும் தத்தம் கொள்கையை நிலைநாட்டும் ஆர்வத்தில் ஆசிரியையின் கையை மறந்துவிடலாகாது.

எண்ணம் முதலில் உள்ளத்தில் முழுமையாக அமைந்து, பின்னரே சொல்லாடை உடுத்தி வெளிவருகின்றது என்று பலரும் கருதுவர். மெர்லோ பான்டி என்னும் பிரெஞ்சு அறிஞர் 1945ஆம் ஆண்டு நூலில் இதனை மறுத்தார். சொல்லும்போதே எண்ணம் நிறைவெய்துகின்றது என்றார். இதற்கும் அந்த ஏப்பிரல் நாளிலேயே சான்று உண்டு. குழாயடிக்குச் செல்லுமுன் சிறுமி, ஆசிரியையின் விடாமுயற்சியால் சினங்கொண்டு, பொம்மையைத் தரையில் எறிந்து உடைத்திருந்தார். அப்போது அவர்க்கு வருத்தம் சிறிதும் இல்லை. சொல்லறிந்து வீடு திரும்பியதும் அப்பொம்மையின் நினைவு வந்தது. தடவிச்சென்று துண்டுகளை எடுத்தார். ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். அவை பொருந்தவில்லை. அவர் கண்களில் நீர் நிறைந்தது. செய்ததற்கு வருந்துதல் என்பதை அவர் வாழ்வில் முதன்முதல் அறிந்தது அப்பொழுதுதான்.