ஆண்டெனாவுக்குக் காசு இருக்கு, ஆளுக்கு?

எனக்குத் தெரிந்தது டெபிட், கிரெடிட் மட்டும்தான். ஆனாலும் இந்தக் கணக்கு உறுத்துகிறது.

2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் கிராமப் பார்வை மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழகக்காரர்கள் திசை ஆண்டெனா வைத்து வைஃபையில் இணைத்தார்கள். நோயாளி ஊரிலிருந்தே வீடியோவில் டாக்டரிடம் பேசலாம். பஸ் காசும் ஒருநாள் கூலியும் மிச்சம்!

2.4 கிகாஹெர்ட்ஸில் 15 கி.மீ. இணைப்பு என்றால், எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி சுமார் 13 மீட்டராவது காலியாக இருக்கணும். தென்னை வளரும். காற்றில் ஆண்டெனா திரும்பும். மின்சாரம் ஏறி இறங்கிக் கருவி கெடும். அங்கே பெரிய தலைவலியே இதுதான்.

பட்ஜெட்டில் கருவி 'முதலீடு'. கம்பத்தில் ஏறிச் சரிசெய்யும் உள்ளூர்ப் பையன் 'செலவு'. வெட்டு விழுந்தால் முதலில் அவனுக்குத்தான். என்னைக் கேட்டால், ஆண்டெனா வாங்கும் அன்றைக்கே அவனுடைய ஐந்து வருடச் சம்பளத்தையும் எடுத்து வைக்கணும். எங்க அக்கவுண்டன்சி சார் மார்க் போடமாட்டார் :-)